வீட்டில் செய்யும் மேஷ்ட் பொட்டேட்டோ ஏன் பசையாகிவிடுகிறது?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து படிப்பவர்களுக்கும் உதவும். ஓட்டலில் கிரில்டு சிக்கனுக்குப் பக்கத்தில் வைத்த மேஷ்ட் பொட்டேட்டோ வழவழவென்று வாயில் கரைந்தது. அதையே வீட்டில் செய்யலாம் என்று கிழங்கைக் குக்கரில் போட்டு ஐந்து விசில் விட்டு, ஆறியபின் தோலை உரித்து, பால் ஊற்றி மிக்ஸியில் அடித்தீர்கள். கரண்டியைத் தூக்கினால் கூடவே இழுபட்டு வரும் ஒரு சவ்வுதான் மிஞ்சியது. இன்னும் பால் ஊற்றிப் பார்த்தும் சரியாகவில்லை. கிரீம் சேர்க்காததுதான் குறையா, எந்த கிரீம் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது, குறை பொருளிலா பக்குவத்திலா என்பதுதான். பக்குவத்தில்தான். கிரீம் வாங்க வேண்டாம். மிக்ஸியை எடுத்து உள்ளே வையுங்கள், பாதி வேலை முடிந்தது.

நான் கேட்டரிங் படித்துவிட்டு ஓட்டல் சமையலறையில் கான்டினென்டல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். இப்போது சமையல் சொல்லித் தருகிறேன். உணவு அறிவியல் எனக்குப் படித்துத் தெரிந்ததுதான், ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ததில்லை. அடுப்படியில் எது நடக்கும், எது நடக்காது என்பதை மட்டும் தயங்காமல் சொல்வேன்.

முதலில் சவ்வு எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். அது புரிந்தால் செய்முறையை மனப்பாடம் செய்யவே வேண்டாம். உருளைக்கிழங்கு என்பது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன செல்களின் கூட்டம். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மாவுச்சத்து மணிமணியாக நிறைந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் செல்களைப் பெக்டின் என்ற பொருள் ஒட்டிப் பிடித்திருக்கிறது. கிழங்கு வேகும்போது, சூடு ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி உப்பிக் களியாகி, செல்லை நிரப்பிவிடும். சூடு கொதிநிலையை நெருங்கும்போது பெக்டின் இளகி, செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழலத் தயாராகும். சரியாக வெந்த கிழங்கை மெல்ல அழுத்தினாலே உதிர்வது இதனால்தான். அந்த நிலையில் ஒவ்வொரு செல்லும் கிழியாமல் முழுசாகப் பிரிந்து வந்தால் நாக்குக்கு எந்தக் கரகரப்பும் தெரியாது. வழவழப்பு என்று நாம் சொல்வது இதைத்தான்.

செல் கிழிந்தால் உள்ளே இருக்கும் களி வெளியே வந்துவிடும். சுவரொட்டி ஒட்டுவதற்கு மைதாவைக் காய்ச்சிப் பசை எடுப்பார்களே, ஏறக்குறைய அதே சரக்குதான் இது: தண்ணீரில் வெந்த மாவுச்சத்து. மிக்ஸி பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றி, செல்களைப் பிரிக்காமல் கிழித்துத் தள்ளுகிறது. அரை நிமிடம் ஓடினாலே போதும். அதற்குப் பிறகு பால் ஊற்றினால் பசை நீர்க்குமே தவிர, கிழிந்த செல் மறுபடி மூடிக்கொள்ளாது. கிரீம் ஊற்றியிருந்தாலும் இதே கதைதான், செலவு மட்டும் கூடியிருக்கும். ஹேண்ட் பிளெண்டர், ஃபுட் பிராசசர் இரண்டும் மிக்ஸிக்குச் சொந்தக்காரர்களே. கேக்குக்கு முட்டை அடிக்கும் பீட்டர் கொஞ்சம் பரவாயில்லை, அதற்குப் பிளேடு கிடையாது. ஆனாலும் கை தாராளமாகப் போனால் அதுவும் சவ்வில்தான் கொண்டுபோய் விடும்.

கட்டியும் சவ்வும் வேறு வேறு கோளாறுகள். கட்டி வந்தால் கிழங்கு சரியாக வேகவில்லை அல்லது ஒரே சீராக வேகவில்லை. சவ்வு வந்தால் மசித்தது அதிகம். பலரும் கட்டியைப் பார்த்துப் பயந்து இன்னும் இன்னும் மசிக்கிறார்கள். வேகாத துண்டு எவ்வளவு மசித்தாலும் கரையாது; அதைச் சுற்றியிருக்கும் வெந்த பாகம்தான் அடிவாங்கிப் பசையாகும். கடைசியில் பசைக்குள் கட்டி. ஆகவே வழவழப்புக்கான வேலை முக்கால்வாசி அடுப்பிலேயே முடிந்துவிட வேண்டும். மசிப்பது என்பது ஒரே ஒருமுறை அழுத்தி விடுகிற காரியம், அவ்வளவுதான்.

சரி, எந்தக் கிழங்கு? வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் அமெரிக்கர்கள் ரஸட், யூகான் கோல்டு என்பார்கள். இங்கிலாந்தில் மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்டு என்பார்கள். நம் கடைகளில் கிழங்குக்குப் பெயர் எழுதி வைப்பதில்லை. 'ஊட்டிக் கிழங்கு', 'ஆக்ரா கிழங்கு' என்று ஊர்ப் பெயர் சொல்லி விற்பதோடு சரி. இந்திய ரகங்களில் பெரும்பாலானவை சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டவை. அதனால்தான் பெயர்கள் எல்லாம் குஃப்ரி என்று சிம்லா பக்கத்து ஊரின் பெயரில் தொடங்கும். 1968-ல் வந்த குஃப்ரி ஜோதி எல்லா வேலைக்கும் ஓரளவு ஒத்துவரும் கிழங்கு. 1998-ல் வந்த குஃப்ரி சிப்ஸோனா சிப்ஸ் கம்பெனிகளுக்காகவே உருவாக்கியது. அதில் தண்ணீர் குறைவு, மாவு அதிகம், 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் உலர்பொருள் இருக்கும். எங்காவது சிப்ஸ் கிழங்கு என்று சொல்லி விற்றால் தயங்காமல் வாங்குங்கள், மசிப்பதற்கு அருமையான கிழங்கு.

பெயர் தெரியாத கிழங்கைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 110 கிராம் கல்லுப்பைக் கரைத்து, கழுவிய கிழங்கை அதில் போடுங்கள். மூழ்கினால் மாவுக் கிழங்கு, மிதந்தால் நீர்ப்பதமான கிழங்கு. மாவுச்சத்து கூடக் கூட அடர்த்தி கூடும் என்பதுதான் கணக்கு. கடையில் நின்றுகொண்டு இதைச் செய்ய முடியாது, வாஸ்தவம்தான். இரண்டு மூன்று கடைகளிலிருந்து ஒவ்வொரு கிழங்கு வாங்கி வந்து ஒருமுறை பார்த்துவிட்டால், யாரிடம் வாங்குவது என்று முடிவாகிவிடும். அதுவும் முடியாதென்றால், தோலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். தோல் சட்டென்று உரிந்து வந்தால் புதுக் கிழங்கு. ஈரம் அதிகம், பொரியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பச்சை நிறம் ஏறியதையும் முளை விட்டதையும் எடுக்காதீர்கள். அதில் இருக்கும் சோலனின் என்ற நச்சு வேகவைத்தாலும் போகாது.

வாங்கிய கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். குளிரில் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும், மசியல் அசட்டுத் தித்திப்பாக இருக்கும். வட இந்தியக் கிழங்கு மார்ச் வாக்கில் அறுவடை முடிந்து குளிர்பதனக் கிடங்குக்குப் போய், வருடக் கடைசி வரை அங்கிருந்துதான் நமக்கு வருகிறது. தித்திப்பு தெரிந்தால் காற்றோட்டமான இருட்டு மூலையில் ஒரு வாரம், பத்து நாள் போட்டு வையுங்கள். ஓரளவு சரியாகும், முழுக்கச் சரியாகும் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்து வேகவைப்பது. குக்கர் கூடவே கூடாது என்று சொல்பவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. கிழங்கைத் தண்ணீருக்குள் மூழ்கவிட்டு ஐந்து விசில் விட்டால்தான் கோளாறு. தோல் வெடித்து, வெளிப்பக்கம் கரைந்து, உள்ளே தண்ணீர் ஏறிவிடும். குக்கர்தான் வசதி என்றால் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, மேலே ஓட்டைத் தட்டு வைத்து, ஒரே அளவான கிழங்குகளைத் தோலோடு முழுசாக அடுக்கி ஆவியில் வேகவிடுங்கள். நடுத்தர அளவுக் கிழங்குக்கு மூன்று விசிலில் தொடங்கிப் பாருங்கள். குக்கருக்குக் குக்கர் வித்தியாசம் இருப்பதால் விசில் கணக்கை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குப் பிடித்தது திறந்த பாத்திரம்தான். எவ்வளவு வெந்திருக்கிறது என்று நடுவில் குத்திப் பார்க்கலாம். தோலைச் சீவி, மூன்று நான்கு சென்டிமீட்டர் துண்டுகளாக ஒரே அளவில் வெட்டி, மேலே படிந்த மாவு போக ஒருமுறை அலசி, பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் கரையத் தொடங்கியும் நடுப்பக்கம் வேகாமல் நிற்கும். லிட்டருக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்பு. கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் துண்டுகள் மோதி உடைந்து தண்ணீர் குடிக்கும். பதினைந்திலிருந்து இருபது நிமிடத்தில் வெந்துவிடும். கத்தி நுனியால் ஒரு துண்டைக் குத்தித் தூக்குங்கள். துண்டு தானாகவே நழுவித் தண்ணீரில் விழ வேண்டும். கத்தியோடு தொற்றிக்கொண்டு வந்தால் இன்னும் மூன்று நிமிடம். பூரி மசாலுக்கு வேகவைப்பதைவிட ஒரு படி அதிகம்தான் இது, ஆனால் கரைந்து போகும் அளவுக்கு அல்ல.

இங்கே மூன்று விஷயம் குறுக்கே வரலாம். புளித்தண்ணீரில் போட்ட கிழங்கு வேகாமல் முரண்டு பிடிப்பதைக் குழம்பு வைப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். புளிப்பு இருந்தால் பெக்டின் இளக மறுக்கும். அதனால் வேகும்போது எலுமிச்சை, தயிர், தக்காளி எதுவும் கூடாது. இரண்டாவது, கடினமான போர் தண்ணீர். அதிலுள்ள கால்சியம் பெக்டினை இறுக்கிவிடும். உங்கள் வீட்டில் பருப்பு வேகத் தாமதமாகிறது என்றால் கிழங்குக்கும் குடிநீரையே பயன்படுத்துங்கள். மூன்றாவது, மலை ஊர். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கிருப்பவர்கள் திறந்த பாத்திரத்தில் நேரத்தைக் கணிசமாகக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் குக்கரே நல்லது. கிழங்கு விளைகிற ஊரிலேயே கிழங்கு வேக மக்கர் பண்ணுவது வேடிக்கைதான்.

வெந்ததும் வடிகட்டி, அதே பாத்திரத்தில் மறுபடி போட்டு, மெல்லிய தீயில் இரண்டு நிமிடம் குலுக்கிக் குலுக்கி விடுங்கள். வீட்டுச் சமையலில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இரண்டு நிமிடம்தான். ஆவி குபுகுபுவென்று போய், துண்டுகளின் மேல்பக்கம் மங்கி, ஓரம் வெள்ளையாக மாவு பூத்தது மாதிரி ஆகும். பாத்திரத்தின் அடியில் மெல்லிய ஏடு படியும். அதுதான் பதம். கிழங்கிலிருந்து எவ்வளவு தண்ணீர் வெளியே போகிறதோ அவ்வளவு வெண்ணெய்க்கும் பாலுக்கும் உள்ளே இடம் கிடைக்கும். தண்ணீரோடு மசித்துவிட்டு, 'நீர்த்துப் போச்சு, பாலே ஊற்ற முடியலை' என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

இனி மசிப்பது. சூடாக இருக்கும்போதே மசிக்க வேண்டும். ஆறவிட்டால் இளகிய பெக்டின் மறுபடி இறுகும், மாவுச்சத்தும் கெட்டிப்படும். அப்போது அழுத்தினால் செல்கள் பிரியாமல் கிழியும். ஆறியபின் உரித்ததும் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்திருக்கிறது. ஓட்டலில் இதற்கு ரைசர் அல்லது கையால் சுற்றும் ஃபுட் மில் வைத்திருப்போம். வீட்டுக்கு அதைத் தனியாக வாங்கச் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டு இடியாப்பக் குழலே ரைசர்தான்! நெம்புகோல் வைத்து அழுத்துகிற மாடலோ, மேலே திருகுகிற மாடலோ, எதுவானாலும் சரி. இடியாப்பத் தட்டு கொஞ்சம் பொடி ஓட்டை என்பதால் கை வலிக்கும். ஓமப்பொடித் தட்டு இன்னும் மோசம். தேன்குழல் தட்டைப் போட்டால் சுலபமாக இறங்கும். குழலை வெந்நீரில் முக்கி எடுத்து, முக்கால் அளவுக்குச் சூடான கிழங்கைப் போட்டு, அகலமான பாத்திரத்துக்கு மேலே பிடித்து ஒரே சீராக அழுத்துங்கள். சரியாக வெந்த கிழங்கு எதிர்ப்பே காட்டாமல் இழை இழையாக இறங்கி, விழுந்த இடத்தில் உதிரியாக நிற்கும். தொட்டால் பொலபொலவென்று உதிர வேண்டும். இழை அறுபடாமல் பளபளவென்று தொங்கினால் கிழங்கில் ஈரம் அதிகம் என்று அர்த்தம். எங்காவது தட்டு அடைத்துக்கொண்டு நின்றால் அது வேகாத துண்டு. அதை எடுத்துப் போட்டுவிடுங்கள், அழுத்திச் சண்டை போட வேண்டாம்.

குழல் இல்லாவிட்டால் ரவை சலிக்கும் எவர்சில்வர் சல்லடையைக் கவிழ்த்துப் போட்டு, கிழங்கை அதன் மேல் வைத்து, கரண்டியின் பின்பக்கத்தால் கீழ்நோக்கி அழுத்தி இறக்கலாம். நேரம் எடுக்கும், ஆனால் ஓட்டல் வழவழப்பு உண்மையில் இங்கேதான் இருக்கிறது. நாங்கள் மில்லில் ஒருமுறை இறக்கியதை மறுபடி சல்லடையில் இறக்குவோம். விருந்து என்றால் நீங்களும் செய்யுங்கள். தினப்படிக்குக் குழல் ஒன்றே போதும். பருப்பு மத்து இருக்கிறதே என்றால், மேலிருந்து கீழே குத்தி மசிக்கலாம், கொஞ்சம் கட்டி இருக்கும், வீட்டுச் சாப்பாட்டுக்கு அது ஒன்றும் தப்பில்லை. ஆனால் கீரை கடைவது போலச் சுழற்றிக் கடையக் கூடாது.

அளவு சொல்கிறேன். ஒரு கிலோ கிழங்குக்கு 150 கிராம் வெண்ணெய், 200 முதல் 250 மில்லி பால். வெண்ணெய் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கட்டும். கடையில் வாங்கும் மஞ்சள் வெண்ணெய் பெரும்பாலும் உப்புப் போட்டது, அதனால் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள். பால் கொழுப்பு நீக்காத பாலாக இருக்க வேண்டும். ஆவின் என்றால் ஆரஞ்சு பாக்கெட், அதில் 6 சதவீதம் கொழுப்பு. தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சிச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். இறக்கிய கிழங்கை மெல்லிய தீயில் வைத்து, வெண்ணெயை நான்கைந்து தவணையாகப் போட்டு மரக்கரண்டியால் கலக்குங்கள். முதல் தவணை மறைந்தபின் அடுத்தது. பிறகு பாலைச் சரம் போல மெல்ல ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள், தட்டில் போய் ஐந்து நிமிடத்தில் இறுகும். வெள்ளை மிளகுத்தூள் ஒரு சிட்டிகை, பிடித்தால் ஜாதிக்காயை ஒரு இழுப்புத் துருவல். கடுகு தாளிக்கலாமா என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்பார். தாராளமாகத் தாளியுங்கள், நன்றாகவே இருக்கும், ஆனால் சிக்கனுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், சப்பாத்திக்கு வையுங்கள்.

நெய் ஊற்றலாமா என்பது அடுத்து வரும் கேள்வி. வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் பால் சத்து. மூன்றும் ஒன்றோடொன்று கலந்து நிற்கிறது. அந்தக் கலப்புதான் மசியலுக்குள் போய் கிரீம் போன்ற பதத்தைத் தருகிறது. நெய் வெறும் கொழுப்பு, உருகியதும் தனியாகப் பிரிந்து மேலே எண்ணெயாக மின்னும். வாசனை பிரமாதமாக இருக்கும், பதம் வராது. தயிர் கடைந்து எடுத்த வீட்டு வெண்ணெய் நன்றாகவே வேலை செய்யும், இலேசான புளிப்பு இருக்கும், எனக்கு அது பிடிக்கவும் செய்யும். கிரீம் சேர்த்தால் தப்பில்லை. பாலில் பாதிக்குப் பதிலாக ஊற்றலாம். வழவழப்புக்கு அது தேவையில்லை என்பதைத்தான் சொல்கிறேன். தேங்காய்ப் பால், பாதாம் பாலில் நான் செய்து பழகியதில்லை, அதைப் பற்றி யாராவது தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

இந்தப் பண்டத்தை உலகப் புகழாக்கியவர் பிரெஞ்சுச் சமையற்காரர் ஜோயல் ரோபுஷோன். 1981-ல் பாரிஸில் ஜமீன் என்ற உணவகத்தைத் தொடங்கி, 1984-ல் மூன்று மிஷ்லான் நட்சத்திரம் வாங்கினார், உணவகங்களுக்கு மிஷ்லான் கையேடு தரும் உச்ச மதிப்பு அது. 2018-ல் காலமானார். அவருடைய பெயரைச் சொன்னாலே உருளைக்கிழங்கு மசியல்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அவர் பயன்படுத்தியது ரத் என்ற சின்னக் கிழங்கு. தோலோடு வேகவைத்து, சூடாக உரித்து, மில்லில் இறக்கி, அடுப்பில் உலர்த்தி, குளிர்ந்த வெண்ணெய், கொதிக்கும் பால், கடைசியில் சல்லடை. அச்சில் வந்த அவருடைய குறிப்பில் ஒரு கிலோ கிழங்குக்கு 250 கிராம் வெண்ணெய். உணவகத்தில் இன்னும் அதிகம், கிழங்கில் பாதி எடைக்கு வெண்ணெய் என்று சமையற்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அது செவிவழிச் செய்தி, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டலில் நீங்கள் சாப்பிட்டது அநேகமாக இந்த வழியில் வந்த ஒரு வடிவம்தான்.

ரத் கிழங்கு மாவுக் கிழங்கு அல்ல, கெட்டியாக நிற்கும் ரகம். அப்படியானால் மாவுக் கிழங்கு வாங்கு என்று மேலே சொன்னது என்ன ஆயிற்று? இரண்டும் வேறு வேறு பண்டம். மாவுக் கிழங்கு பஞ்சு போன்ற, காற்றோட்டமான மசியலைத் தரும், வீட்டில் கைத்தவறையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கெட்டி ரகம் அடர்த்தியான, வெண்ணெய் நிறைந்த மசியலைத் தரும், ஆனால் வேகவும் பிரியவும் முரண்டு பிடிக்கும், சல்லடை இல்லாமல் ஆகாது. எது உயர்ந்தது என்பது ருசி விவகாரம். அப்புறம் அந்தச் சமையலறைகளில் மரக்கரண்டியால் பலமாகவே அடிப்பார்களே, சவ்வு வராதா? செல்கள் ஏற்கெனவே தனித்தனியாகப் பிரிந்துவிட்டன, நடுவே ஏராளமான வெண்ணெய் இருக்கிறது, மரக்கரண்டிக்குக் கூர் கிடையாது. அதனால் தாங்குகிறது.

எனக்கு உறுதியாகத் தெரிந்தவை இவை: மிக்ஸி கெடுக்கும், ஈரம் கெடுக்கும், ஆறியபின் மசித்தால் கெடும். உறுதியில்லாமல் சமையலறைகளில் வழிவழியாகச் சொல்லப்படுபவையும் உண்டு. பாலுக்கு முன்னால் வெண்ணெயைப் போட்டால் மாவுச்சத்தின் மேல் கொழுப்புப் பூசிக்கொண்டு சவ்வைத் தடுக்கும் என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது, நானும் அந்த வரிசையில்தான் செய்கிறேன். ஆனால் கிழங்கு நன்றாக வெந்து உலர்ந்திருந்தால் வரிசை மாறியும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. வேகும் தண்ணீரில் சோடா உப்புப் போடு என்பதும் ஒன்று. சோடா உப்பின் காரத்தன்மை பெக்டினைச் சீக்கிரம் இளக்கும் என்பது உண்மைதான், அதற்காக மசியலுக்குப் போட்டால் வெளிப்பக்கம் கூழாகி ஒரு சோப்பு வாடையும் வரும். வேண்டாம்.

முன்கூட்டியே செய்து வைக்க வேண்டிய நாளுக்கு இன்னொரு உத்தி இருக்கிறது. கிழங்கை ஒன்றரை சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டி, 70 டிகிரி தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, பிறகு குளிர்ந்த தண்ணீரில் முழுக்க ஆறவிட்டு, அதன்பின் வழக்கம்போல வேகவைப்பது. 70 டிகிரியில் மாவுச்சத்து செல்லுக்குள்ளேயே களியாகும்; ஆறும்போது அதில் ஒரு பகுதி இறுகி, மறுபடி சூடாக்கினாலும் எளிதில் இளகி வெளியே வராது. அதே சூட்டில் கிழங்கிலுள்ள ஒரு நொதியும் வேலை செய்து செல் சுவர்களை உறுதியாக்குகிறது. இது எந்த நட்சத்திரச் சமையற்காரரும் கண்டுபிடித்தது அல்ல. 1950-களில் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் விண்ட்மூரில் உள்ள அரசு வேளாண் ஆய்வுக்கூடத்தில், வெந்நீர் ஊற்றினால் மசியலாகும் உருளைக்கிழங்குத் தகட்டுத்தூள் செய்வதற்காக உருவாக்கியது. தெர்மாமீட்டர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். நான்கு பேருக்குச் சமைக்கிற அன்றாட நாளில் இந்த மெனக்கெடல் தேவையும் இல்லை.

ஏற்கெனவே சவ்வாகிப் போனதை என்ன செய்வது? திரும்ப வழவழப்பாக்க வழியே இல்லை. பிரான்ஸில் ஓப்ராக் மலைப் பகுதியில் அலிகோ என்று ஒரு பண்டம், மசித்த கிழங்கில் புதுச் சீஸைப் போட்டு அடித்து அடித்து வேண்டுமென்றே நூல் நூலாக இழுபட வைப்பார்கள். உங்களிடம் இருக்கும் சவ்வில் மொசரெல்லாவைத் துருவிப் போட்டு, பூண்டு நசுக்கிச் சேர்த்து, சூடாகக் கலக்கினால் குழந்தைகள் சண்டை போட்டுச் சாப்பிடுவார்கள். இல்லையென்றால் காய் வேகவைத்த தண்ணீரோ சிக்கன் ஸ்டாக்கோ ஊற்றிக் கரைத்துச் சூப்பாக்குங்கள். கெட்டியாக்க கார்ன்ஃபிளவர் தனியாக வேண்டியிருக்காது.

நன்றாக வந்த மசியல் மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் அது இறுகி மணல் மணலாக இருக்கும். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடான பால் விட்டு மெல்லக் கிளறினால் ஏறக்குறைய பழைய பதத்துக்கு வரும். விருந்து நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகவே செய்து வைக்க வேண்டியிருந்தாலும் இதே ஏற்பாடுதான்: கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, மேலே இரண்டு ஸ்பூன் சூடான பாலைப் பரவலாக விட்டு மூடிவிடுங்கள். ஆடை கட்டாது. பரிமாறும்போது அந்தப் பாலை உள்ளே கலந்துவிட்டால் போதும்.